தகப்பன் பங்கு

தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய உறையில் பொந்துவாஸ் நீதிமன்றத்தின் முத்திரை இருந்தது. தாமரைச்செல்வி அதை வழியில் பிரிக்கவில்லை. பள்ளிக்கூட உணவகத்தில் காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே வேலை பார்த்த கால்கள். பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸின் ஐந்தாவது மாடி வீட்டுக்கு ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் பிரித்தாள். நான்கு பக்கம். கடையிலும் வேலையிலும் பேசுகிற பிரெஞ்சு அவளுக்கு நன்றாகவே வரும். நீதிமன்றத்துப் பிரெஞ்சு வேறு. இரண்டு தடவை படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

லாராவுக்குப் பதினான்கு வயது. சமையலறை வாசலில் நின்றபடியே கடிதத்தை வாசித்தாள். தாய் தமிழில் கேட்பதும் மகள் பிரெஞ்சில் பதில் சொல்வதும் அந்த வீட்டு வழக்கம்.

"அப்பா மனுப் போட்டிருக்கிறார். எனக்காக மாதாமாதம் கொடுக்கிற நூற்றிருபது யூரோவை ஐம்பதாகக் குறைக்கச் சொல்லி."

"எதுக்காம்?"

"கிடங்கு வேலை போய்விட்டதாம். இப்போது லா ஷாப்பலில் ஒரு மளிகைக் கடையில் பகுதி நேர வேலை. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். சம்பளம் எழுநூற்று முப்பது." பக்கத்தைத் திருப்பினாள். "நவம்பரில் நீங்கள் இரண்டு பேரும் நீதிபதியிடம் போக வேண்டும்."

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு லாரா அறைக்குள் போனாள். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் அரியாங்குப்பத்திலிருந்து, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரி மாப்பிள்ளை என்று லூசியனைக் கட்டிக்கொண்டு வந்தவள் தாமரைச்செல்வி. அவன் கெட்டவனும் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. எந்தப் பேச்சையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவன். வாடகை, லாராவின் பள்ளிக்கூடம், அவன் வாங்கிய கடன் என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். பத்து வருடம் பொறுத்துப் பார்த்தாள். 2019இல் விவாகரத்து ஆனது. மகள் தாயிடம், தகப்பன் மாதம் நூற்றிருபது யூரோ, பத்தாம் தேதிக்குள், என்று தீர்ப்பு.

பத்தாம் தேதி என்பது அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதிக்கு மேல் அவள் போன் செய்வாள். அவன் எடுக்க மாட்டான். மறுபடி செய்வாள். கடைசியில் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லி, மடித்த நோட்டுகளைக் கையில் வைத்துவிட்டுப் போவான். சில மாதம் எண்பது, மிச்சம் அடுத்த மாதம். பணத்தைவிட அந்த போன்தான் அவளை அரித்தது. ஆறு வருடமாக, மாதத்தில் பத்து நாள், யாரிடமோ பிச்சை கேட்கிறவள் மாதிரி.

இப்போது இந்த மனு. அதில் எழுதியிருந்தது பொய் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் கட்டடத்திலேயே நான்கு குடும்பங்கள் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகின்றன. திங்கட்கிழமை விடுமுறை தவிர எந்த நாள் போனாலும், காலையானாலும் மாலையானாலும், லூசியன் அங்கே நிற்கிறான் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவளே ஒருமுறை பார்த்தும் இருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை லாராவுக்குச் செருப்பு வாங்க, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பலுக்குப் போனவர்கள், வெயிலுக்கு ஒதுங்கி அந்தக் கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். லூசியன். இவர்களைப் பார்த்ததும் அப்படியே மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அவன் முதுகு பாதி தெரிந்தது. தாமரைச்செல்வி மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

*

நகராட்சியின் சட்ட உதவி மையத்தில் வியாழக்கிழமைகளில் ஆன்ஜெலிக் அம்மாள் உட்கார்ந்திருப்பார். பாண்டிச்சேரியில் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவர். சட்டம் படித்தவர். வரிசையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போன தாமரைச்செல்வியிடம் முதலில் தீர்ப்பைத்தான் வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கு அவொகா, அதான் வக்கீல், கட்டாயம் இல்லமா. நீயே பதில் எழுதலாம். அவர் குறைக்கச் சொல்லி கேட்டா, நீ ஏத்தச் சொல்லியும் கேட்கலாம். முன்ன இருந்த நெலம மாறியிருந்தா ஜட்ஜ் மாத்துவாங்க. பொண்ணு வளந்துட்டா, செலவு ஏறிடுச்சி, அதுவும் மாற்றம்தான்." விரலால் ஒரு வரியைத் தொட்டார். "இத பாத்தியா? வருஷா வருஷம் ஜனவரி மாசம் வெலவாசிக்கு ஏத்த மாதிரி தொகை ஏறணும்னு போட்டிருக்கு. ஏத்தினாரா?"

"இல்லிங்க. நூத்தி இருவதேதான்."

"இப்ப அது கிட்டத்தட்ட நூத்தி நாப்பதா இருக்கணும். அவராத்தான் கணக்குப் பாத்து ஏத்தியிருக்கணும். அஞ்சு வருஷம் வரைக்கும் பின்னாடி போயி கேட்கலாம்."

தாமரைச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். கேட்கலாம் என்கிற சொல்லே அவளுக்குக் களைப்பாக இருந்தது.

பிறகு கடை விஷயத்தைச் சொன்னாள். ஆன்ஜெலிக் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜட்ஜுக்குத் தெரியிறது பேப்பர்ல இருக்கறது மட்டும்தான். சம்பளச் சீட்டுல எழுநூத்தி முப்பதுன்னா எழுநூத்தி முப்பது. நீ சாட்சி கொண்டாரலாம், பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட எழுதி வாங்கலாம். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. பதியாம வேல வாங்கறாங்கன்னு வெளிய வந்தா கடைக்குச் சோதனை வரும், அபராதம் வரும். மொதல்ல போறது அவர் வேலையாத்தான் இருக்கும்."

கிளம்பும்போது ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார்: தகப்பன் பணத்தை நேரே தாய்க்குக் கொடுக்காமல் அரசு முகமையிடம் கட்டுவது, முகமை அதைத் தாய்க்கு அனுப்புவது. கட்டாவிட்டால் அவர்களே அவன் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். "இத கண்டிப்பா கேளு. அப்புறம் நீ அவருக்கு போன் பண்ணவே வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ரயில் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த செவ்வாய் காலை, வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு லா ஷாப்பலுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமைகளில் லூசியன் காய்கறி எடுக்க வேனில் ரன்ஜிஸ் சந்தைக்குப் போய்ப் பதினொரு மணிக்குத்தான் திரும்புவான் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

கடை முதலாளி இரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஊறுகாய்ப் போத்தல்களுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தங்கச்சி, என்ன வேணும்?"

"சாமான் வாங்க வரலண்ணே. நான் லூசியனோட பொண்ணுக்கு அம்மா."

அவர் கை ஒரு கணம் நின்றது. "அவர் இப்ப இஞ்சை இல்லை. ரன்ஜிசுக்குப் போட்டார்."

"தெரியும். அதனாலதான் இப்ப வந்தேன்." பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். "கோர்ட்டுக்குக் குடுத்த பேப்பர்ல வாரம் பதினெட்டு மணி நேரம்னு இருக்கு. உங்க கையெழுத்து."

"ஓம். அவர் பகுதி நேரம்தான்."

"அண்ணே, எங்க கட்டடத்துல நாலு வீட்டுக்காரங்க உங்ககிட்டதான் வாங்கறாங்க. திங்கக்கிழமை தவிர எல்லா நாளும் அவரைப் பாக்கறாங்க. நானே பாத்தேன்."

இரத்தினம் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "இப்ப என்ன, என்னை மிரட்ட வந்தனீங்களோ?"

"மிரட்டத் தெரிஞ்சா நேரா ஜட்ஜுகிட்ட போயிருப்பேண்ணே. இங்க எதுக்கு வர்றேன்?" கடிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தாள். "உங்க கடை நல்லா நடக்கணும். அவர் உங்ககிட்ட வேலையில இருக்கணும். அதுதான் எனக்கு வேணும். செய்யற வேலைய பேப்பர்ல போட்டுடுங்க. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்."

"தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நான் முழுநேரம் பதியத்தான் கேட்டனான். அவர்தான் 'வேண்டாம் அண்ணை, பாதியைக் கையிலை தாங்கோ' எண்டவர். வீட்டு வாடகைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு வெட்டுப்படுமாம். பிள்ளையின்ரை காசையும் குறைக்கலாமாம்."

கடைசி வாக்கியம் வெளியே வந்த பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மறுபடியும் விலை ஒட்ட ஆரம்பித்தார்.

முதலாளிதான் ஏமாற்றுகிறார் என்றே தாமரைச்செல்வி இதுவரை நினைத்திருந்தாள். அவர் விலை ஒட்டுவதையே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கும் அதுல மிச்சம்தானேண்ணே," என்றாள்.

ஒரு பெண் முருங்கைக்காயோடு கல்லாவுக்கு வந்தாள். அவளுக்கு நிறுத்துக் காசு வாங்கி அனுப்பும்வரை தாமரைச்செல்வி ஓரமாக நின்றாள்.

"யோசிக்கிறன்," என்றார் இரத்தினம், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்ப போட்டு வாங்கோ. அவர் வாற நேரம்."

*

அன்று மாலையே லூசியன் போன் செய்தான். ஆறு வருடத்தில் அவனாக அழைத்தது அதுதான் மூன்றாவதோ நான்காவதோ தடவை.

"நீ யாரு என் வேலைக்குப் போயி பேசறதுக்கு? என் வயித்துல அடிக்கணும்னே கிளம்பிட்டியா?"

"உங்க முதலாளிகிட்டதான் போனேன். ஜட்ஜுகிட்ட போகல. அத யோசிச்சுப் பாருங்க."

"எட்டு மாசம் வேல இல்லாம இருந்தேன். அப்பகூட கடன் வாங்கிக் குடுத்தேன். முதுகு வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு மூட்ட தூக்கறேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சொன்னாத்தானே தெரியும்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவன் போனை வைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். வைக்கவில்லை. குரல் இறங்கியது.

"இங்க பாரு. அம்பதுன்னு ஆனாலும் உனக்கு ஒரு காசு குறையாது. தனியா புள்ள வளக்கறவங்களுக்கு மிச்சத்த காஃப் போட்டுக் குடுக்கும். கிட்டத்தட்ட எரநூறு வரைக்கும் அவங்க நெரப்புவாங்க. வேணும்னா விசாரி. நீயும் நல்லா இருப்ப, நானும் கொஞ்சம் மூச்சு விடுவேன். யாருக்கு நட்டம்?"

அவன் வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஆன்ஜெலிக் அம்மாளிடம் கேட்டாள். உண்மைதான் என்றார் அவர். தீர்ப்பில் உள்ள தொகை குறைவாக இருந்தால், குடும்ப நல நிதியான காஃப் ஒரு அளவுவரை மிச்சத்தைத் தரும். "நீ இதுவரைக்கும் கேட்கவே இல்லையா? நூத்தி இருவதுக்கே உனக்கு மேல வந்திருக்கணுமேமா!"

ஆறு வருடம். யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது தூக்கம் மாதிரி ஒன்று. அங்கேயே அந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

பதில் மனுப் படிவம் ஒரு வாரம் மேசைமேல் கிடந்தது. அதன்மேல் லாராவின் பல் வைத்தியர் கொடுத்த மதிப்பீடு. பல்லுக்குக் கம்பி போட வேண்டும், காப்பீடு போக மிச்சம் அறுநூறுக்கு மேல் கையிலிருந்து. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள், மறுபடி ஒதுக்கிச் சாப்பிட்டார்கள். லூசியன் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது என்று அவளுக்கு அடிக்கடி தோன்றியது. அரசாங்கம் தருவதும் பணம்தான், பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி வரும். எதற்காக நவம்பரில் பொந்துவாஸ்வரை போய் நிற்க வேண்டும்? விட்டுவிடலாம். விட்டுவிட்டால் நன்றாகத் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது லாராவே கேட்டாள். "அது என்ன ஆயிற்று?"

தாமரைச்செல்வி உள்ளதைச் சொன்னாள். அப்பா ஐம்பது கொடுத்தாலும் மிச்சத்தை அரசு தரும், நமக்குக் குறையாது என்றாள்.

லாரா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அப்படியென்றால் அவர் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் நமக்குச் சரியாகத்தான் இருக்கும்?"

"ஆமா. அப்படித்தான்."

"சரி," என்றாள் லாரா. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதே தட்டை நெடுநேரம் கழுவினாள்.

அன்று சாயங்காலமே தாமரைச்செல்வி படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். குறைக்கக் கூடாது என்று எழுதினாள். பல் வைத்தியச் செலவைக் காட்டினாள். பணம் முகமை வழியாக வர வேண்டும் என்ற கட்டத்தில் குறி போட்டாள். பின்னால் போய் ஐந்து வருடத்துக் கணக்குக் கேட்கும் இடத்தில் பேனா நின்றது. அதை விட்டுவிட்டாள். கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் தனியாக ஒரு தாளில், பக்கத்து வீட்டார் அவனைக் கடையில் பார்த்த நாட்களை எல்லாம் தேதிவாரியாக எழுதி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

நவம்பரில் பொந்துவாஸ் குளிராக இருந்தது. இரண்டு மாதமாக இரத்தினத்திடமிருந்தும் ஒரு சொல் இல்லை, லூசியனிடமிருந்தும் இல்லை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முதுகைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தான், வலி போலும். இவளைப் பார்த்துத் தலையசைத்தான். இவளும் அசைத்தாள்.

நீதிபதியின் அறை சிறியது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் எழுத்தர். நீதிபதி நாற்பது வயதுப் பெண். கோப்பைப் புரட்டிவிட்டு லூசியனிடம் கேட்டார்.

"உங்கள் சம்பளம் எழுநூற்று முப்பது. உதவித்தொகை போக வாடகைக்கு முந்நூறு. ரயில் அட்டை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் எண்ணூறைத் தாண்டுகிறது. எதைச் சாப்பிடுகிறீர்கள், முசியே?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாமரைச்செல்வியின் கை பைக்குள் போய் மடித்த தாளைத் தொட்டது. இப்போது எடுத்து நீட்டினால் போதும். அவன் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கையை எடுக்கவும் இல்லை, தாளை எடுக்கவும் இல்லை.

லூசியன் குனிந்து காலடியில் இருந்த உறையை எடுத்தான். உள்ளேயிருந்து புதிய ஒப்பந்தமும் இரண்டு சம்பளச் சீட்டுகளும் வந்தன.

"செப்டம்பரிலிருந்து முழுநேரம், மதாம்," என்றான் பிரெஞ்சில். "இது கோப்பில் இல்லை. மனுப் போட்ட பிறகு மாறியது."

நீதிபதி சீட்டுகளைப் பார்த்தார். "அப்படியானால் குறைக்கக் கேட்பதற்குக் காரணம் இல்லையே."

"இல்லை. குறைக்க வேண்டாம். ஏற்றாமல் இருந்தால் போதும்."

நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ கேட்க நினைத்து விட்டுவிட்டவர் போல எழுதத் தொடங்கினார். லாராவின் படிப்பு, பல், அவள் எப்போது தகப்பனைப் பார்க்கிறாள் என்று இன்னும் சில கேள்விகள். கடைசிக் கேள்விக்கு இருவருமே, "எப்போதாவது," என்றார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிவு தபாலில் வரும் என்றார்.

ரயில் நிலையத்தில் ஒரே பெஞ்சில்தான் இடம் இருந்தது. அவன் ஆர்ஜொந்தெய் ரயிலுக்கு, அவள் பாரிஸ் ரயிலுக்கு. நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"வாடகை உதவி நூத்தி எழுவது குறைஞ்சிடுச்சி," என்றான் லூசியன். "முன்ன கையில வாங்கினத விட இப்ப வர்றது கம்மி."

"ம்."

"அண்ணன் சொல்லிட்டாரு. அந்தத் தங்கச்சி கோர்ட்டுல சொல்லியிருந்தா கடைய பூட்டியிருக்கணும், சொல்லல, இனிமே பதிஞ்சுதான் வெப்பேன், இஷ்டம் இல்லைன்னா வேற வேல பாருன்னுட்டாரு. ஒரு வாரம் போகாம இருந்து பாத்தேன். வேற எங்க போறது?" தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "காஃப்தான் நெரப்புதே. அப்புறமும் எதுக்கு இந்த அலைச்சல்? எனக்குப் புரியவே இல்ல."

"காஃப் குடுக்கறது காஃப் குடுக்கறது. அவளுக்கு நீங்கன்னு ஒண்ணு வரணும் இல்ல? அது அம்பதோ நூறோ. பொய் சொல்லிக் குறைச்சதா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஒலிபெருக்கியில் ஏதோ தாமதம் அறிவித்தார்கள்.

"ஜூன் மாசம் கடைக்கு வந்தீங்களே," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "லாரா என்னைப் பாத்தாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அவனுக்கும் நிம்மதி, இவளுக்கும் ஒன்றும் குறையாது. ஆனால் அன்றைக்கு அவளிடம் அதற்கும் தெம்பு இல்லை.

"பாத்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ரயில்ல ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தா."

லூசியன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய ரயில்தான் முதலில் வந்தது. எழுந்து ஏறிவிட்டான்.

*

முடிவு டிசம்பர் கடைசியில் வந்தது. அடிப்படைத் தொகை ஏறவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறு வருட விலைவாசியைச் சேர்த்து நூற்று முப்பத்தொன்பது. பல் வைத்தியம் போன்ற பெரிய செலவுகளில் பாதிக்குப் பாதி. பணம் முகமை வழியாக. கட்டட வாசலில் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், ஜெயித்துவிட்டீர்களா என்று. என்ன சொல்வதென்று தாமரைச்செல்விக்குத் தெரியவில்லை. பத்தொன்பது யூரோ கூடியிருக்கிறது என்றாள்.

முகமை கேட்ட தாள்களை எல்லாம் அனுப்பினாள். காஃபுக்கும் தனியாக விண்ணப்பம் போட்டாள். பிப்ரவரியில் முகமை லூசியனுக்கு முதல் மாதப் பணத்தை அனுப்பச் சொல்லி எழுதியது. அவன் கட்டவில்லை. நினைவூட்டல் போனது. அதற்கும் கட்டவில்லை. வேண்டுமென்றே செய்தானா, கடிதத்தைப் பிரிக்காமல் போட்டு வைத்திருந்தானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை கை போனது, எடுக்கவில்லை. ஏப்ரலில் இரத்தினம்தான் அழைத்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. லூசியன்ரை சம்பளத்திலை மாசாமாசம் வெட்டி அவையளுக்கு அனுப்பட்டாம். பழைய ரெண்டு மாசத்தையும் சேர்த்து."

"வெட்டுங்கண்ணே."

"வெட்டத்தான் வேணும். வெட்டாட்டி நான் கட்டவேணுமாம்." சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று சொல்ல முடியவில்லை. "அவரும் பக்கத்திலைதான் நிண்டவர். கடிதத்தைக் காட்டினனான். சரி எண்டு தலையாட்டிப் போட்டுப் போட்டார்."

மே மாதத்திலிருந்து பணம் வந்தது. வங்கிக் கணக்கில் இரண்டு வரிகள். ஒன்று லூசியன் தருவது, இன்னொன்று காஃப் தருவது. லாராவின் பற்களுக்குக் கம்பி போட்டார்கள். பாதிச் செலவுக்கான ரசீதை லூசியனுக்குத் தபாலில் அனுப்பினாள். இரண்டு தவணையாக அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதாமல்.

ஜூலையில், பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லூசியன் வாசலில் நின்றான். ஐந்து மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"லாராகிட்ட போன்ல சொன்னேன். எங்கயாவது கூட்டிட்டுப் போலாம்னு."

"சொன்னா. கிளம்பிட்டு இருக்கா."

அவன் உள்ளே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆறு வருடமாக அவர்கள் சந்தித்த ஒவ்வொரு முறையும் பணம் பேச்சில் இருந்தது. வந்ததா, எவ்வளவு, எப்போது. இன்று அதைக் கேட்க ஒன்றும் இல்லை. அது இல்லாமல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"லிஃப்ட் வேல செய்யல போல," என்றான்.

"ரெண்டு நாளா."

"முதுகு பரவால்ல இப்ப," என்றான், அவள் கேட்காமலே.

"மருந்து போடறீங்களா?"

"போடறேன்."

லாரா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். தகப்பனைப் பார்த்து, நலமா என்று பிரெஞ்சில் கேட்பது போல, "சவா?" என்றாள். அவனும், "சவா," என்றான். கன்னத்தில் முத்தமிட அவன் குனிந்தபோது அவள் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

"எட்டு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்," என்றான்.

இருவரும் படியிறங்கினார்கள். லாரா முன்னால் வேகமாக இறங்கினாள். லூசியன் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது மாடியில் லாராவின் காலடிச் சத்தம் நின்றது. அவன் வந்து சேர்ந்த பிறகு மறுபடி கேட்டது, இந்த முறை மெதுவாக.

தாமரைச்செல்வி கதவைச் சாத்தினாள். எட்டு மணிவரை யாரும் இல்லை. துவைக்க வேண்டிய துணி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.